கதவைச் சாத்தக் கை தூக்குங்கள்

ஜனவரி 4

ஆறாவது ஆய்வுக் கேள்வியும் திரும்பி வந்துவிட்டது.

"இது கேள்வி இல்லை சார். புகார்" என்றாள் பெர்னதெத்.

நான் எழுதியிருந்தது இது: 'ஊடாட்டத் திரைப்படத்தில் கதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பார்வையாளரிடம் போகும்போது கதாசிரியனின் உரிமை எவ்வாறு பறிக்கப்படுகிறது?' ஊடாட்டத் திரைப்படம் என்றால், படம் ஓரிடத்தில் நிற்கும். நாயகன் ரயில் ஏறட்டுமா, வீட்டுக்குத் திரும்பட்டுமா என்று நம்மைக் கேட்கும். நாம் சொல்கிற வழியில் கதை போகும். இதில் முனைவர் பட்டம் வாங்க நான்கு ஆண்டுகளாக முயன்றுகொண்டிருக்கிறேன். நாற்பத்தொன்பது வயதில்.

"பறிக்கப்படுகிறதுன்னு நீங்களே தீர்ப்பு எழுதிட்டீங்க. அப்புறம் எதுக்கு சார் ஆராய்ச்சி? யார் பறிச்சாங்க?"

பொதுவாகச் சொன்னேன் என்றேன்.

"யாரோ ஒருத்தரை மனசுல வச்சுக்கிட்டு எழுதின மாதிரி இருக்கு."

பெர்னதெத் 2007இல் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்தவள். படத்துண்டுகளைக் கோக்கும் முறைக்கு மான்டாஜ் என்ற சொல்லை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இன்று அவள் டாக்டர் பெர்னதெத், என் ஆய்வு நெறியாளர். அவள் மேசைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் நான். அதற்கு ஒரு கால் ஆடும். வேறு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் அதிலேயே உட்காருகிறேன்.

மார்ச் 15இல் ஆய்வுக்குழு கூடுகிறது. அன்றும் கேள்வி ஏற்கப்படாவிட்டால் என் பதிவு ரத்து. பதிவு ரத்தானால் ஜூனில் வேலை கிடையாது. நிர்வாகத்தின் சுற்றறிக்கை தெளிவாக இருக்கிறது. பதினெட்டு ஆண்டு இந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தவனை ஒரு வாக்கியம் வெளியே அனுப்பப் போகிறது.

ஜனவரி 5

ஏழாவது கேள்வி எழுதினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிழித்தேன்.

ஜனவரி 11

பெர்னதெத்தின் யோசனை: கேள்வி வராவிட்டால் முதலில் ஒரு சிறு படம் எடுங்கள், காட்டுங்கள், பார்வையாளர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள், கேள்வி தானாக வரும். எனக்கே சொல்கிறாள். பன்னிரண்டு ஆண்டு கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராகவும் இணை இயக்குநராகவும் குப்பை கொட்டியவனுக்கு.

எடுத்தேன். ஒன்பது நிமிடம். கதை எளியது. எழுத்தாளன் ஒருவனின் கதையை நண்பன் திருடித் தன் பெயரில் படமாக்கிப் புகழ்பெறுகிறான். பல ஆண்டு கழித்து, எல்லாம் இழந்து, எழுத்தாளன் வீட்டு வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்கிறான். அங்கே படம் நிற்கும். திரையில் இரண்டு வரி: ஒன்று, கதவைத் திற. இரண்டு, கதவைச் சாத்து. எழுத்தாளன் முகம் வராது, கேமராதான் எழுத்தாளன். பார்க்கிறவனின் கண்ணும் அதுதான்.

பொத்தான் வைத்த கருவிகள் வாங்கித் தரக் கல்லூரி மறுத்துவிட்டது. ஆகவே கை தூக்கச் சொன்னேன். அறுபத்து மூன்று மாணவர்கள். அறுபத்தொரு பேர் கதவைத் திறக்கச் சொன்னார்கள். இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்?" என்று கேட்டேன்.

மூன்றாமாண்டு யாஸ்மின் எழுந்தாள். "சார், சாத்திட்டா படம் முடிஞ்சிரும்ல?"

"முடிஞ்சா?"

"அடுத்த பீரியடு தியரி கிளாஸ் சார். இங்கதான் ஏசி இருக்கு."

அரங்கமே சிரித்தது. ஓர் உண்மையான துரோகம் அவர்கள் முன்னால் நிற்கிறது. இவர்கள் குளிர்காற்றுக்காக மன்னிக்கிறார்கள்.

பெர்னதெத் குறிப்பேட்டில் என்னவோ எழுதிக்கொண்டாள். "இது சூப்பர் சார். பார்க்கிறவங்க தேர்வுக்குக் கதைக்கு வெளியில காரணம் இருக்கு. இதையே கேள்வி ஆக்கலாமே?"

இது ஆராய்ச்சி இல்லை, ஏசி விவகாரம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 16

விடுமுறை. மனைவி அரசியின் அக்கா குடும்பம் வந்தது, போனது. கரும்பு நார் பல்லில் சிக்கி இரண்டு நாளாகத் தொல்லை.

ஜனவரி 22

துறை அலுவலகத் தொலைபேசியில் எனக்கு அழைப்பு என்றார்கள். எடுத்தேன்.

"தில்லை... நான் பூபாலன் பேசறேன்டா. வச்சிராத."

அவன் குரலில் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்ததாம். வலது கை தோளுக்கு மேல் எழாதாம். படம் ஏதும் இல்லையாம். என் கைபேசியில் அவன் எண்ணை அடைத்து வைத்திருப்பதால் கல்லூரி எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறான். ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்றான். எதற்கு என்றேன். "உனக்குத் தெரியும்" என்றான்.

தெரியும். 2003இல் சாலிகிராமத்தில் ஒரே அறையில் இருந்தோம். நான்கு மாதம் எழுதி அவனுக்குப் படித்துக் காட்டினேன். காணாமல் போன மகனின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கவிடாமல், ஆண்டுதோறும் தாலுகா அலுவலக வரிசையில் வந்து நிற்கும் ஓர் அப்பாவின் கதை. 2005இல் அதைத் திரையரங்கில் பார்த்தேன். 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்: பூபாலன்.' எழுபத்தைந்து நாள் ஓடியது. எழுத்தாளர் சங்கத்துக்குப் போனேன். கதையைப் பதிவு செய்தீர்களா என்று கேட்டார்கள். அறை நண்பனுக்குப் படித்துக் காட்டும் முன் பதிவு செய்யும் வழக்கம் எனக்கு இல்லை. அந்த ஜூலையில் இந்தக் கல்லூரிக்கு வந்தேன்.

வரவேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வேறு வந்தது.

"என் ஆராய்ச்சிக்கு ஒரு சின்னப் படம் எடுக்கிறேன். நடிக்கிறியா?"

"என்ன ரோல்?" என்றான்.

"மன்னிப்புக் கேக்கற ஆளு."

"வர்றேன்" என்றான். ஒரு குழந்தையைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டதுபோல.

பிப்ரவரி 3

படப்பிடிப்பு முடிந்தது. எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுகிறேன். ஆய்வுக்குழு செயல்முறைக் குறிப்புகளைக் கேட்கக்கூடும்.

காலை ரயிலில் வந்தான். பத்தொன்பது ஆண்டு கழித்துப் பார்க்கிறேன். முடி முழுக்க வெளுத்து, ஒரு காலை இழுத்து நடக்கிறான். சட்டைப் பொத்தான்கள் ஒன்று தள்ளிப் போட்டிருந்தன. ஒரு கையால் போட்டிருப்பான். சொல்லவில்லை. பாத்திரத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

ஆய்வு ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தான். "'பங்கேற்பாளருக்கு உடலாலோ மனத்தாலோ எவ்விதத் தீங்கும் நேராது.' இதெல்லாம் நம்ம காலத்துல இல்லையேடா." இடது கையால் கையெழுத்துப் போட்டான். முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்து.

ஸ்டுடியோவில் ஒரு கதவுச் சட்டத்தை நிறுத்தியிருந்தோம். ஆய்வக உதவியாளர் சகாயம் கேமராவில். நான் கேமராவுக்குப் பின்னால், லென்ஸ் மட்டத்துக்குக் கண் இருக்கும்படி நின்றேன். நடிகனுக்குப் பார்வை பிசகக் கூடாது அல்லவா.

வசனத்தை வாங்கிப் பார்த்தான். "'தெரிஞ்சுதான் செஞ்சேன். பொறாமை. உன் அளவுக்கு எழுத எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது.' இது அவன் பேசற மாதிரி இல்லையே தில்லை. நீ பேசற மாதிரி இருக்கு."

"கதாபாத்திரம் பேசறது அது. பேசு."

பேசினான். நன்றாகவே பேசினான். மீண்டும் என்றேன். ஐந்தாவது டேக்கில் நாக்கு குழறியது. எட்டாவதில் காலை மாற்றி நிற்கலாமா என்று கேட்டான். இன்னும் கொஞ்சம் குனி என்றேன். பன்னிரண்டாவதில் சகாயம், "சார், ஃபோகஸ் எல்லாம் கரெக்டா இருக்கு, போதும் சார்" என்றான். போதுமா இல்லையா என்பதை இயக்குநர்தான் சொல்ல வேண்டும்.

பதினேழாவது டேக்கில் பூபாலன் தாளைக் கீழே போட்டான். லென்ஸைப் பார்த்தான், அதாவது என்னைப் பார்த்தான்.

"அந்தக் கதை உன்னுது. அந்த அப்பா, அவரு வெயில்ல குடையை மடக்கி வச்சுக்கிட்டு வரிசையில நிக்கிறது, ஆபீசர்கிட்ட 'அவன் வோட்டுப் போட வருவான்'னு சொல்றது, எல்லாமே உன்னுது. நான் வெறும் படம்தான் எடுத்தேன். பேரு போடற அன்னிக்கு உன் பேரையும் எழுதினேன். ப்ரொட்யூசர் ஒரே பேரு போதும்னாரு. நான் சரின்னுட்டேன். சண்டை போட்டிருந்தா உன் பேரு வந்திருக்கும். போடல. அவ்வளவுதான்டா."

கட் சொல்ல மறந்துவிட்டேன். சகாயம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேலையில் கவனமில்லாத ஆள். கேமரா மேலும் நாற்பது விநாடி ஓடியிருக்கிறது. அதில் பூபாலன் சும்மா நிற்கிறான்.

மூன்று மணி ரயிலுக்குப் போய்விட்டான். சாப்பாடு ஏற்பாடு செய்ய மறந்துபோயிற்று.

"வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல? இன்னைக்கு வத்தக்குழம்பு வேற" என்றாள் அரசி.

"அவன் நடிக்க வந்தவன்."

"அவரை மன்னிச்சுட்டா உங்களுக்கு ஆராய்ச்சி பண்ண ஒண்ணும் இருக்காது. அதான" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கரண்டியில் எடுத்தாள். குழம்பில் உப்பு குறைவு என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 6

படத்தொகுப்பு. பதினேழாவது டேக்தான் நடிப்பில் சிறந்தது. இதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் 'கதை உன்னுது' என்ற வரியும் அதன் பின் வருவதும் இருந்தால் ஒருவனும் கதவைச் சாத்த மாட்டான். சோதனை சமநிலை இழந்துவிடும். ஆய்வு நெறிப்படி அதை வெட்டினேன். மூன்றாவது டேக்கைப் போட்டேன். அதில் கொஞ்சம் நடிக்கிறான்.

வெட்டிய துண்டை அழிக்கவில்லை. தனிக் கோப்பில் இருக்கிறது. நான்கு முறை பார்த்தேன். ஒலியளவு சரியாக இருக்கிறதா என்று.

பிப்ரவரி 9

புதிய படத்தை ஐம்பத்தெட்டு பேருக்குக் காட்டினோம். பெர்னதெத் பல்கலைக்கழக வேலையாகப் போயிருந்தாள். படம் தொடங்கியதும் கல்லூரி முதல்வர் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். ஏசிக்குத்தான் வந்திருப்பார்.

படம் நின்றது. விளக்கைப் போட்டேன். "ஒன்று, கதவைத் திற" என்றேன். பத்துப் பன்னிரண்டு கைகள். மற்றவை தயங்கின. "இரண்டு, கதவைச் சாத்து" என்றேன். அந்த நேரம் பார்த்து முதல்வர் கையைத் தூக்கினார். ஏசி வேகத்தைக் குறைக்கச் சொல்லிச் சகாயத்துக்குச் சைகை செய்தார், பாவம், அவருக்குக் கழுத்து வலி. முதல் வரிசை தூக்கியது. இரண்டாம் வரிசை தூக்கியது. பின்னால் வரிசை வரிசையாக, அலை போவதுபோல, கைகள் எழுந்தன. முதல் கேள்விக்குத் தூக்கியவர்களும் மறுபடி தூக்கினார்கள். ஐம்பத்தெட்டும்.

யாஸ்மினைக் கேட்டேன். "நீதான அன்னைக்குத் திறக்கணும்னே?"

"பிரின்சியே தூக்கிட்டாரு. நான் மட்டும் மன்னிச்சா நல்லாவா சார் இருக்கும்?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கைகள் கண்ணில் நின்றன. ஐம்பத்தெட்டு கை. பத்தொன்பது ஆண்டில் ஒரு கைகூட எனக்காக எழுந்ததில்லை.

பெர்னதெத்திடம் இதைச் சொல்லவில்லை. சிறிய மாதிரி. பெரிய அரங்கில் ஒருமுறை சோதித்துவிட்டுச் சொல்லலாம்.

பிப்ரவரி 12

எட்டு, ஒன்பது, பத்தாம் கேள்விகள். பெர்னதெத் பத்தாவதைப் படித்துவிட்டு, "பழையபடி புகார்" என்றாள். பிறகு, "ஆனா இந்தத் தடவை கொஞ்சம் சந்தோஷமான புகார். என்ன சார் விஷயம்?" என்றாள்.

பிப்ரவரி 16

பூபாலனை அழைத்தேன். 23ஆம் தேதி பெரிய அரங்கில் திரையிடல், நீயும் வரவேண்டும் என்றேன்.

"நெஜமாவா? நானுமா?" என்றான். பிறகு, "டைட்டில்ல பேரு போடறியா?"

"பங்கேற்பாளர் ஒன்றுன்னு வரும். ஆய்வுப் படத்துல பேரு போட மாட்டாங்க."

சிரித்தான். இருமல் வந்து சிரிப்பு நின்றது. "சரியான கணக்குடா" என்றான்.

எண்ணை அடைப்பிலிருந்து எடுத்துவிட்டேன். ஏற்பாடுகளுக்குத் தேவைப்படுகிறது.

பிப்ரவரி 23

இருநூற்றுப் பன்னிரண்டு மாணவர்கள். முதல் வரிசையில் முதல்வர், துணைமுதல்வர், நான்கு துறைத் தலைவர்கள். முந்தின நாளே முதல்வர் அறைக்குப் போய், "ஆய்வுக்கு உதவியாக, இரண்டாவது சொல்லும்போது பெரியவங்க கை தூக்கினா நல்லா இருக்கும்" என்று பணிவாகச் சொல்லி வைத்தேன். அவருக்கு மகிழ்ச்சி. "நம்ம காலேஜ் ஆராய்ச்சிக்கு நாம தூக்காம யாரு தூக்குவா?" என்றார்.

பூபாலனை முதல் வரிசையின் இடது ஓரத்தில் உட்கார வைத்தேன். வெள்ளைச் சட்டை. இந்த முறை பொத்தான்கள் சரியாக இருந்தன. ரயிலில் யாரிடமோ போடச் சொல்லியிருக்கிறான். பக்கத்தில் இருந்த வணிகவியல் துறைத் தலைவர், "சார் எந்தக் காலேஜ்?" என்று கேட்க, "நான் இந்தப் படத்துல நடிச்சிருக்கேங்க" என்று அவன் சொன்னது மேடைவரை கேட்டது.

படம் ஓடியது. திரையில் அவன் குனிந்தான். என் வசனத்தைச் சொன்னான். உன் அளவுக்கு எழுத எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தார்கள். படம் நின்றது. விளக்கைப் போடச் சொல்லி மேடை நடுவில் வந்து நின்றேன்.

"ஒன்று. கதவைத் திறக்கலாம் என்பவர்கள்."

ஒரு கையும் இல்லை. முன்வரிசையைப் பார்த்துக்கொண்டு அத்தனை பேரும் கையை மடியில் வைத்திருந்தார்கள்.

"இரண்டு. கதவைச் சாத்தக் கை தூக்குங்கள்."

எழுந்தன. ஒரே கணத்தில் அரங்கம் முழுக்க. இப்படி ஒரு காட்சியை நான் எடுத்திருந்தால் மிகை என்று சொல்லியிருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. சில விநாடி அந்தக் கைகளையே பார்த்து நின்றேன். எண்ண வேண்டியிருந்தது.

இடது ஓரத்தில் ஓர் இடது கையும் இருந்தது.

கதவு சாத்தப்பட்டது. இருட்டு. கைதட்டல்.

வெளியே வாதாமரத்தடியில் நின்றிருந்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். இந்த முறை டோக்கன் வாங்கி வைத்திருந்தேன். வேண்டாம் என்றான்.

"நல்லா எடுத்திருக்கடா. அந்த ஒரு இடத்தை மட்டும் தூக்கிட்ட."

"நீளம்."

"ம். நீளம்தான்." என் தோளைத் தட்ட வலது கையை எடுக்கப் பார்த்தான். வராததால் தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினான்.

வெற்றிகரமான சோதனை. தொண்ணூற்றொன்பது விழுக்காட்டுக்கு மேல்.

பிப்ரவரி 24

எதுவும் எழுதவில்லை. வகுப்புத் தேர்வுத் தாள் திருத்தினேன். எல்லோருக்கும் குறைவாகப் போட்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. மாற்றவில்லை.

மார்ச் 5

பெர்னதெத் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். மேசையில் மடிக்கணினி. சகாயம் மேடையோரமிருந்து எடுத்த அரங்கின் காணொளி.

"முதல்வர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சீங்களா சார்?"

நாற்காலியின் ஆடும் காலைச் சரிசெய்யக் குனிந்தேன்.

"அவரே எங்கிட்ட சந்தோஷமா சொன்னாரு. 'உங்க ஸ்காலருக்காகத் தூக்கினேம்மா'ன்னு. இந்தத் தரவு எதுக்கும் ஆகாது. இதைக் குழு முன்னாடி வச்சா உங்க பேரோட என் பேரும் போயிடும்."

என் மாணவி. என்னிடம் 'தரவு' என்கிறாள். எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க சார். இன்னொண்ணு இருக்கு." காணொளியை மெதுவாக ஓட்டினாள். "ஒவ்வொருத்தரா பாத்தேன். அத்தனை பேரும் முதல்ல முன்வரிசையைப் பாக்கறாங்க, அப்புறம் கை தூக்கறாங்க. முன்வரிசை முதல்வரைப் பாக்குது. முதல்வர் உங்களைப் பாக்கறாரு. யாரையும் பாக்காம தூக்கினது ஒரே ஒரு ஆள்." விரலைத் திரையில் வைத்தாள். "நீங்க 'இரண்டு'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள இவர் கை மேல போயிடுச்சு. முதல்வருக்கும் முன்னாடி. இந்த அரங்கத்துல உண்மையா தேர்ந்தெடுத்தவர் இவர் ஒருத்தர்தான். யார் சார் இவர்?"

"தெரியாது. யாரோ வந்திருந்தாங்க."

என்னை நேராகப் பார்த்தாள். "சார், படத்துல நடிச்சிருக்காரு."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதி என் பக்கம் தள்ளினாள். 'தன்னையே குறித்த கதையில் தீர்ப்பளிக்கும் வாய்ப்பைப் பெறும் பார்வையாளர் எதைத் தேர்கிறார், ஏன்?'

"இதுதான் சார் உங்க கேள்வி. நாலு வருஷமா இதைத்தான் சுத்திச் சுத்தி வர்றீங்க."

நல்ல கேள்விதான். அதுதான் தாங்கவில்லை. 2005இல் ஒருவன் என் கதையை எடுத்துக்கொண்டான். இப்போது என் கேள்வியை வேறொருவர் எழுதித் தருகிறார். கையெழுத்து மட்டும் என்னுடையது.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 15

ஏற்றுக்கொண்டார்கள்.

வெளியிலிருந்து வந்த நிபுணர் இரண்டு முறை வாசித்துவிட்டு, "அசலான கேள்வி. எப்படிக் கிடைத்தது?" என்றார். நீண்ட கால அவதானிப்பு என்றேன். பெர்னதெத் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நிபந்தனை: அந்த ஒரு பங்கேற்பாளரின் நேர்காணல், முறையான வினாப்படிவத்தோடு, 22ஆம் தேதிக்குள் இணைக்கப்பட வேண்டும். இணைக்காவிட்டால் ஒப்புதல் செல்லாது.

மார்ச் 18

அழைக்கவில்லை. வேலை அதிகம்.

மார்ச் 20

அரசி கேட்டாள்: "இன்னும் பேசலையா?" வரி கட்டுகிற வேலையாக வெளியே போனேன்.

மார்ச் 21

மாலை நான்கரைக்கு அழைத்தேன். உடனே எடுத்தான்.

"சொல்லு தில்லை."

"ஒரு வினாப்படிவம் இருக்கு. பத்துக் கேள்வி. பதில் சொன்னா போதும்."

"கேளு."

படிவத்தில் உள்ளபடியே கேட்டேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பெயர். சொன்னான். வயது. ஐம்பத்தொன்று. கல்வி. "உனக்குத் தெரியாதாடா?" படிவத்துக்கு வேணும் என்றேன். சொன்னான்.

"நாலு. தொழில்?"

"இயக்குநர்னு போடு." சற்றுப் பொறுத்து, "இல்ல, வேணாம். ஓய்வுன்னு போட்டுக்க."

"அஞ்சு. மாதத்துக்கு எத்தனை படம் பார்ப்பீர்கள்?" மரியாதைப் பன்மை படிவத்தில் இருந்தது.

"பாக்கறதில்லீங்க" என்றான்.

"ஆறு. இந்தக் கதை உங்களுக்கு முன்பே அறிமுகமானதா?"

மறுமுனையில் ஒரு தெருவின் சத்தம். யாரோ காய் விற்றுக்கொண்டு போனார்கள். "ஆமா" என்றான்.

"ஏழு. எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?"

"ரெண்டு."

"எட்டு. காரணம்?"

"எழுதணுமா?"

"எழுதணும்."

"மேடையில நின்ன பாரு, அப்ப உன் மூஞ்சிய பாத்தேன். நீ அதைத்தான் கேக்கறேன்னு தெரிஞ்சுது. இத்தனை வருஷத்துல என்கிட்ட நீ கேட்டது அது ஒண்ணுதான். என்னால குடுக்க முடிஞ்சதும் அதுதான். குடுத்துட்டேன். அவ்வளவுதான்டா."

எழுதிக்கொண்டேன். வேகமாகப் பேசியதால் ஒரு வரி விட்டுப்போயிற்று. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னான்.

"ஒன்பது. தேர்ந்தெடுத்த முடிவில் உங்களுக்குத் திருப்தியா?"

"உனக்கு?"

"கேள்வி உங்களுக்கு."

"அப்ப ஆமான்னு போட்டுக்க. தில்லை, பிசியோதெரபி அம்மா வந்துட்டாங்க. நிக்க வச்சா கோவிச்சுக்குவாங்க. வைக்கட்டா?"

வைத்துவிட்டான்.

எட்டாம் பதிலை வகைப்படுத்தினேன். வகைப்பாட்டுப் பட்டியலில் நான்கு குறியீடுகள்: அறம், இரக்கம், சமூக அழுத்தம், கதைக்குத் தொடர்பற்ற காரணம். பூபாலனின் பதில் நான்காம் குறியீட்டில் அடங்கும். அடங்குகிறது. இரண்டு முறை சரிபார்த்தேன்.

பத்தாம் கேள்வி மட்டும் காலியாக இருந்தது. 'மீண்டும் ஒருமுறை பங்கேற்க விரும்புகிறீர்களா?' ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவம் செல்லாது. மறுபடி அழைத்துக் கேட்டிருக்கலாம். மணி ஐந்துகூட ஆகவில்லை.

'ஆம்' என்ற கட்டத்தில் நானே டிக் போட்டு, ஸ்கேன் செய்து, பெர்னதெத்துக்கு அனுப்பினேன்.